துண்டு துண்டாக விற்கப்படும் துப்பாக்கி

அமெரிக்காவில் ஒருவர் ஏஆர்-15 வகை ரைபிள் ஒன்றை உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டு மேசையில் தானே கோத்துக்கொள்ள ஆசைப்பட்டால் முதலில் கணக்குப் போட உட்காருவார். விசை பொருந்தும் கீழ்ச் சட்டகம் ஐம்பது டாலரிலிருந்து நூறு டாலருக்குள் வந்துவிடும். அந்த வட்டாரத்தில் அதற்கு ‘லோயர்’ என்று பெயர். அதனுள் போகும் விசை, ஸ்பிரிங், ஊசி முதலான சில்லறைச் சாமான்கள் ஒரு பொட்டலமாக இன்னோர் ஐம்பது அறுபது. குழலோடு சேர்ந்த மேல் பாகம் முந்நூறு நானூறு. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை, கைப்பிடி, தோட்டாக் கூடு எல்லாம் சேர்த்து இன்னொரு நூறு. ஆக, அறுநூறு டாலர் சுமாருக்கு ஓர் அரைத் தானியங்கி ரைபிள் தயார். நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு நல்ல ஸ்மார்ட்போனின் விலை.

அறுநூறோடு யாரும் நிறுத்துவதில்லை. குறிபார்க்கும் கண்ணாடி மட்டுமே இருநூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். வாங்கிய விசையைவிட மேலான விசை ஒன்று கண்ணில் படும். குழலை மாற்றத் தோன்றும். கோப்பதற்கென்றே சில கருவிகள் வேண்டும். பழகுவதற்குத் தோட்டா வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பலருக்கும் இரண்டாயிரம் டாலரைத் தொட்டிருக்கும். இத்தனைக்கும் அதே அறுநூறு, எழுநூறு டாலருக்குத் தொழிற்சாலையில் முழுதாகச் செய்த ரைபிள் உத்தரவாதத்தோடு கடைச் சுவரில் தொங்குகிறது. பாகம் வாங்கிக் கோத்தால் பணம் மிச்சம் என்பது இன்றைய சந்தையில் பெரும்பாலும் நிற்காத பேச்சு. இந்தப் பழக்கம் உள்ளவர்களிலேயே நிறையப் பேர் அதை ஒப்புக்கொள்வார்கள்.

இந்த ஒப்புதலை நாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், உதிரி பாகங்களின் விற்பனையைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று யாராவது வாயெடுத்தால் உடனே எழுகிற குரல், சாமானியனின் செலவு கூடிவிடும் என்பதுதான். எந்தச் செலவு, யார் தலையில் விழும் செலவு என்று நிதானமாகப் பார்த்தால் அந்தக் குரலின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ரைபிளைத் துண்டு துண்டாக விற்பது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் பிற்பகுதியில் ஆர்மலைட் என்ற சிறிய நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆயுதம் இது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அந்த நிறுவனத்தைக் குறிப்பவை. 1959-ல் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. ராணுவத்துக்கு அது எம்16 ஆகி வியட்நாம் போனது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் பாயும்படி செய்த வடிவம் 1964-ல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 190 டாலருக்கு ஒரு மயிரிழை குறைவு. விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் இன்றைக்கு 1,900 டாலர் அளவுக்கு வரும். அறுபது ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டு விலை, கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம் வானத்தைத் தொட்டிருக்க, இந்த ரைபிளின் உண்மை விலை மட்டும் மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது.

இறங்கியதற்குக் காரணம் 1977-ல் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. ராணுவத்துக்காக வகுத்த அளவுகள் ஏற்கெனவே இருந்தன. ஒரு நிறுவனத்தின் குழல் இன்னொரு நிறுவனத்தின் சட்டகத்தில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. 1994-ல் வந்த தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் பத்தாண்டுகளுக்கு மட்டும் என்று காலவரையறை போட்டுக்கொண்டு வந்தது. கத்தி பொருத்தும் முனை, மடக்கும் கட்டை என்று வெளித்தோற்ற அம்சங்களைப் பட்டியலிட்ட சட்டம் அது. உற்பத்தியாளர்கள் அந்த அம்சங்களைக் கழற்றிவிட்டு அதே ரைபிளைத் தொடர்ந்து விற்றார்கள். 2004 செப்டம்பரில் தடை காலாவதியானதும் சந்தை மடை திறந்தது. 1990 முதல் இந்த வகை ரைபிள்கள் 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் புழக்கத்துக்கு வந்திருப்பதாகத் துப்பாக்கித் தொழில்துறையின் சங்கமே 2022-ல் மதிப்பிட்டது. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் இருபது பேருக்கு ஒருவரிடம் இது இருப்பதாக வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பு சொன்னது.

இனி அந்த லோயரைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். அலுமினியத்தில் அடித்துச் செய்து கறுப்புப் பூச்சு ஏற்றிய ஒரு கூடு. உள்ளங்கையில் அடங்கும், கால் கிலோ அளவுக்குத்தான் எடை. உள்ளே எதுவும் கிடையாது. விசை கிடையாது, குழல் கிடையாது. குண்டு வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்கும் வேலையும் அதற்கு இல்லை. அது மேல் பாகத்தின் வேலை. அதன் இடது பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அமெரிக்க மத்திய சட்டத்தின் கண்ணுக்கு இந்த வெறுங்கூடுதான் துப்பாக்கி. மற்ற அனைத்தும் சாமான்.

மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் சில மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு 1968. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்லும்போது முழு ஆயுதத்தோடு அதன் சட்டகத்தையும் சேர்த்துக்கொண்டது. குழல், தோட்டாவைக் குழலில் பூட்டும் போல்ட் போன்ற பிற பாகங்களை அந்த வரையறையில் சேர்க்கவில்லை. மரக்கட்டையில் பதித்த வேட்டைத் துப்பாக்கிகளே வீடுகளில் பெரும்பாலும் இருந்த காலம் அது. சட்டகம் என்பது துப்பாக்கியின் முதுகெலும்பு. அதைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடித்ததாகும் என்று நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. துப்பாக்கியை நாற்பது ஐம்பது பொட்டலங்களாகப் பிரித்து நாற்பது ஐம்பது விலாசங்களிலிருந்து வரவழைக்கும் சந்தை ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

விளைவு இதுதான். லோயரை வாங்குபவர் உரிமம் பெற்ற விற்பனையாளரின் கடைக்குப் போய், 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். கடுங்குற்றத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, குடும்ப வன்முறை வழக்கில் தடையாணை இருக்கிறதா, மனநல ஆணையின்கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்று அந்தப் படிவம் கேட்கும். 1998 நவம்பர் முதல் இயங்கிவரும் பின்னணிச் சோதனை முறையில் விற்பனையாளர் பெயரைக் கொடுத்துக் கேட்பார். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். சோதனைக்கு மத்திய அரசு கட்டணம் வாங்குவதில்லை. வேறு ஊரிலிருந்து வரவழைத்த லோயரைக் கைமாற்றிவிடுவதற்குக் கடைக்காரர் இருபது முப்பது டாலர் வாங்குவார். குழல், போல்ட், மேல் சட்டகம், விசை என்று குண்டைச் சுடும் வேலை முழுவதையும் செய்யும் பாகங்களோ பெரும்பாலான மாநிலங்களில் படிவம் இல்லாமல், கேள்வி இல்லாமல், கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துசேரும்.

வரியிலும் இதே கதை. காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக 1937-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி நீள்குழல் துப்பாக்கிகளின் முதல் விற்பனையில் 11 சதவீத வரி உண்டு. வேட்டைக்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வரி அது. காட்டுயிர் வாழிடங்கள் அந்தப் பணத்தில் பராமரிக்கப்படுகின்றன. தனித்தனியாக விற்கும் உதிரி பாகங்களுக்கு அந்த வரி கிடையாது.

ரைபிளைத் தாமே கோப்பவர்களில் ஆகப் பெரும்பாலோர் எந்தக் குற்றத்துக்கும் போகாதவர்கள். ராணுவத்தில் இதே குடும்பத்து ஆயுதத்தைச் சுமந்து வந்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து ஒவ்வோர் ஊசியாகப் பொருத்துகிற அப்பா உண்டு. இலக்குச் சுடும் போட்டிக்குத் தன் தோள் அளவுக்கும் கண் பார்வைக்கும் ஏற்றபடி பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பெண் உண்டு. தன் கையால் சேர்த்த பொருள்மீது வரும் பற்று எந்த நாட்டுக்காரருக்கும் புரியக்கூடியது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆயுதம் வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த உரிமையை இங்கிருந்து எடுத்துவிடச் சொல்ல எனக்கு எந்த இடமும் இல்லை. ஆனால் ஒரு கண்ணாடிக்கு ஐந்நூறு டாலர் மனமுவந்து கொடுக்கிறவருக்கு, குழல் வாங்கும்போது இருபது டாலர் கைமாற்றுக் கட்டணமும் பத்து நிமிடக் காத்திருப்பும் தாங்க முடியாத சுமை என்றால் அதை ஏற்க முடியவில்லை.

படிவத்தைக் கண்டு பயப்பட வேண்டியவர் வேறொருவர். 2011-ல் கலிஃபோர்னியாவில் ஓர் இளைஞர் துப்பாக்கி வாங்க முயன்றபோது மாநில நீதித்துறை மறுத்தது. 2013 ஜூனில் அவர் சான்டா மோனிகாவில் ஐந்து பேரைக் கொன்றார். கையில் இருந்தது பாகங்களைக் கொண்டு கோத்த ஏஆர்-15 வகை ரைபிள். 2017 நவம்பரில் அதே மாநிலத்தின் ரான்ச்சோ தெஹாமாவில், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றத் தடை பெற்ற ஒருவர் வீட்டில் சேர்த்த ரைபிள்களோடு கிளம்பி, மனைவியையும் மேலும் நான்கு பேரையும் கொன்றார். அங்கிருந்த தொடக்கப் பள்ளியை நோக்கிப் போனார். சற்றுத் தொலைவில் வெடிச் சத்தம் கேட்டதுமே ஊழியர்கள் குழந்தைகளை உள்ளே தள்ளிக் கதவுகளைப் பூட்டிவிட்டதால் ஒரு பெருங்கொடுமை தவிர்ந்தது. டெக்சாஸில் 2019 ஆகஸ்டில் மிட்லண்ட், ஒடெஸ்ஸா நகரங்களில் ஏழு பேரைக் கொன்றவர் 2014-லேயே பின்னணிச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவர். அவருக்கு ரைபிளை விற்ற தனிநபர், பாகங்களை வாங்கிச் சேர்த்து உரிமமில்லாமல் லாபத்துக்கு விற்றுவந்தவர் என்பது வழக்கில் தெரியவந்தது. இரண்டாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த மூன்று நிகழ்விலும் அமெரிக்க அரசு தன் வேலையில் முதல் பாதியைச் சரியாகவே செய்திருந்தது. இவர் கையில் துப்பாக்கி போகக் கூடாது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. இரண்டாம் பாதியில் சட்டமே ஓட்டை வைத்துக்கொடுத்தது.

குற்றம் நடந்த பிறகு துப்பறிய வேண்டியிருக்கிறதே, அங்கேயும் இதே ஓட்டை. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் தேசியத் தடயமறியும் மையம் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி கிடைத்தாலும் அதன் வரிசை எண் இங்கே வரும். எண்ணைத் தட்டினால் வாங்கியவர் பெயர் கணினித் திரையில் விழும் என்று நாம் நினைப்போம். அப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளவே கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆகவே ஊழியர் தொலைபேசியை எடுத்துத் தயாரிப்பாளரைக் கேட்பார். அவர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் தன் அலமாரியிலிருந்து பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் பெயரைப் படிப்பார். கடை மூடியிருந்தால் அதன் படிவங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்குக்கு வந்திருக்கும். கட்டடத்துத் தளம் பாரம் தாங்காதோ என்று பயந்து பெட்டிகளை வாகன நிறுத்தத்தில் சரக்குக் கொள்கலன்களில் அடுக்கி வைத்த காலமும் உண்டு. படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருந்தாலும் பெயரைக் கொண்டு தேட முடியாதபடிதான் ஏற்ற வேண்டும். ஊழியர்கள் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் பெயரும் லோயரின் முதல் உரிமையாளரின் பெயர். அந்த ரைபிளின் மற்ற பாகங்கள் யார் கையால் வந்தன என்பதைச் சொல்ல எந்தக் காகிதமும் எங்கேயும் இல்லை.

லோயரிலேயே எண் இல்லாவிட்டால் அந்தத் தொலைபேசி அழைப்புக்கும் வேலை இல்லை. எண்பது சதவீதம் வேலை முடித்து, மிச்ச வேலையை வாங்குபவரிடம் விட்டுவிட்டால் அது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று வாதிட்டு விற்றது ஒரு தொழில். கைத்துப்பாக்கியில் இது பெருவாரியாகப் பரவியது. 2017-ல் காவல் துறையினர் தடயமறிய அனுப்பிய எண்ணில்லாத் துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-ல் அது 19,000-ஐத் தாண்டியது. 2022 ஆகஸ்டில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய முகமை புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய தொகுப்புக்கும் பாதி முடிந்த சட்டகத்துக்கும் எண் வேண்டும், பின்னணிச் சோதனை வேண்டும். தொழில்துறை நீதிமன்றம் போனது. 2025 மார்ச் 26-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதியைத் தாங்கிப் பிடித்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதத் தரப்பைச் சேர்ந்த நீதிபதி நீல் கோர்சச் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமையில் நம்பிக்கை உள்ள நீதிபதிகளுக்கே, இருபத்தொரு நிமிடத்தில் துப்பாக்கியாகிவிடும் ஒரு பெட்டியைத் துப்பாக்கி இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

உதிரி பாகத்தைத் துப்பாக்கியாகப் பார்ப்பது அமெரிக்க மரபுக்கே அந்நியம் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய சட்டப் புத்தகமே அதை மறுக்கிறது. சாதாரண ரைபிளைத் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்றே செய்த ஒரு சின்னஞ்சிறு பாகம் தனியாகக் கையில் இருந்தாலும் சட்டப்படி அதுவே இயந்திரத் துப்பாக்கி. ஒலியடக்கிக்காகச் செய்த பாகமும் ஒலியடக்கியே. எந்தப் பாகத்தால் ஆபத்து வருகிறதோ அதைச் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவர அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அரைத் தானியங்கி ரைபிளிடம் வரும்போது மட்டும் மறந்துபோகிறது.

இயந்திரத் துப்பாக்கியின் கதையில் விலை பற்றிய பாடமும் இருக்கிறது. 1934-ல் கொள்ளைக் கும்பல்களின் காலத்தில், இயந்திரத் துப்பாக்கிக்கும் குட்டைக் குழல் ரைபிளுக்கும் ஒலியடக்கிக்கும் 200 டாலர் வரி போட்டார்கள். அன்று ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். வரி என்ற பெயரில் போட்ட வேலி அது. 1986-ல் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குப் பதிவு செய்வதையே நிறுத்தினார்கள். இன்று சட்டப்படி கைமாற்றக்கூடிய ஒரு எம்16 வேண்டுமானால் முப்பதாயிரம் டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். விரல் அடையாளம் கொடுத்து, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். சட்டப்படி பதிவான இயந்திரத் துப்பாக்கி குற்றத்தில் சிக்குவது அரிதினும் அரிது. விலையும் விதியும் சேர்ந்தால் ஆயுதம் தவறான கைக்குப் போகாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை; அமெரிக்காவே தொண்ணூறு ஆண்டுகளாக நடத்திவரும் உதாரணம் இது. அந்த 200 டாலரோ ஒருமுறைகூட உயர்த்தப்படாமல் பணவீக்கத்தில் கரைந்தது. குட்டைக் குழல் ரைபிளுக்கும் ஒலியடக்கிக்கும் அந்த வரியைப் பூஜ்யமாக்கும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறி, 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. வேலி இருந்த இடத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டார்கள்.

இப்போது ரசீதில் ஏறாத தொகைகளுக்கு வருவோம். துப்பாக்கிக் காயத்தோடு வருபவர்களின் முதற்கட்ட மருத்துவமனைச் செலவு மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2021-ல் கணக்கிட்டது. மருத்துவர்களின் தனிக் கட்டணம் இதில் சேராது. அந்தச் செலவில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் உள்ளிட்ட அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுடையது, அதாவது வரிப்பணம். காயம் பட்டுப் பிழைத்தவருக்கு அடுத்த ஓராண்டு முழுவதும் மாதத்துக்கு ஏறக்குறைய 2,500 டாலர் மருத்துவச் செலவு கூடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2022-ல் கண்டார்கள். தீராத வலி, உளநோய், போதைப் பழக்கம் மூன்றும் அவர்களிடம் அதிகரித்திருந்தன. குடும்பத்தினரிடமும் உளநோய் கூடியிருந்தது.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் ஏஆர்-15 வகை ரைபிளால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள் மறுபடியும் ஒரு குழந்தையை அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வருமா? இடித்தார்கள். 2016-ல் புதிய பள்ளி திறந்தது. அதற்கு மாநில அரசு ஏறக்குறைய ஐந்து கோடி டாலர் கொடுத்தது. ரைபிளைச் செய்த ரெமிங்டன் மீது பலியானவர்களில் சிலரின் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். துப்பாக்கி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பதற்கென்றே 2005-ல் போட்ட சட்டம் குறுக்கே நின்றது. விளம்பரம் செய்த முறை என்ற ஒற்றை வாசல் வழியாக நுழைந்து, ஏழாண்டுகளுக்கு மேல் போராடி, 2022-ல் 7 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் கிடைத்தது. அந்தப் பணத்தையும் கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள். ரெமிங்டன் அதற்குள் திவாலாகியிருந்தது. அதே 2022-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று, ஐந்து பெரிய உற்பத்தியாளர்கள் இந்த வகை ஆயுதங்களைப் பொதுமக்களுக்கு விற்றுப் பத்தாண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாக அறிக்கை கொடுத்தது. பத்தாண்டு வருமானமும் நாடு முழுவதற்குமான ஓராண்டு மருத்துவமனைச் செலவும் ஒரே அளவில் நிற்கின்றன. ரைபிள் ஏன் அறுநூறு டாலருக்குக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை. மிச்சத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கொலைகளில் ரைபிளின் பங்கு சிறியது. 2019-ல் துப்பாக்கியால் நடந்த 10,258 கொலைகளில் ரைபிள் என்று பதிவானவை 364 என்று எஃப்பிஐ புள்ளிவிவரம் சொல்கிறது. கைத்துப்பாக்கி 6,368. துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மேலே சொன்ன மருத்துவமனைச் செலவிலும் பெரும்பகுதி கைத்துப்பாக்கியால் வந்ததாகவே இருக்கும். இவையெல்லாம் உண்மை. கைத்துப்பாக்கி பற்றித் தனியாக, இதைவிட நீளமாகப் பேச வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் வகுப்பறையில், தேவாலயத்தில், இசைக் கூட்டத்தில் சில நிமிடங்களில் இருபது முப்பது பேரைச் சாய்த்த நிகழ்வுகளை வரிசைப்படுத்தினால் திரும்பத் திரும்ப வரும் ஆயுதம் இது. கைத்துப்பாக்கிக் குண்டைவிட மூன்று மடங்கு வேகத்தில் உடலுக்குள் புகும் குண்டு, தான் தொடாத உறுப்பையும் சிதைக்கிறது. டெக்சாஸின் யூவால்டி பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற பதினெட்டு வயதுப் பையன் அதற்குச் சில நாள் முன்புதான் சுமார் 2,000 டாலர் கொடுத்து முழு ரைபிளைச் சட்டப்படி வாங்கியிருந்தான். ஆகவே உதிரி பாகங்களை ஒழுங்குபடுத்தினால் எல்லாக் கொலையும் நின்றுவிடும் என்று நான் வாதிடவில்லை. முழு ரைபிளுக்குப் போடும் எந்தக் கட்டுப்பாடும், பாகங்கள் வெளியே சுதந்திரமாகத் திரியும்வரை பிசுபிசுத்துப் போகும் என்கிறேன்.

மற்ற நாடுகள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 ஆணை குழல், மேல் சட்டகம், கீழ்ச் சட்டகம், போல்ட் என்று இன்றியமையாத பாகங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. துப்பாக்கிக்கு உள்ள விதி அவற்றுக்கும் உண்டு. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டு ஒரு மாதத்துக்குள் வந்த சட்டம் தன் தலைப்பிலேயே ‘பாகங்கள்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. அரசு பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றவற்றில் துப்பாக்கிகள் 56,000-க்கும் மேல். பாகங்கள் 1,80,000-க்கும் மேல். நம்முடைய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஆயுதத்தின் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும்கூட ஆயுதம் என்றே சொல்கிறது. கள்ளத் துப்பாக்கிக்குப் பேர்போன முங்கேரின் பட்டறைகள் அதனால் மூடிவிடவில்லை என்பது வேறு விஷயம். அங்கே குழலோடு பிடிபடுபவர் அது வெறும் இரும்பு என்று வாதிட முடியாது.

அமெரிக்காவுக்குள்ளேயும் அசைவு தெரிகிறது. நியூ ஜெர்சி 2018-லேயே எண்ணில்லாத் துப்பாக்கிக்கான பாகங்களைத் தடுத்தது. கலிஃபோர்னியா 2024 ஜூலை முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத மாநில வரி விதிக்கிறது. சட்டகமாக முடியக்கூடிய முன்நிலைப் பாகங்களும் அதில் உண்டு. அந்தப் பணம் வன்முறைத் தடுப்புக்கும் பள்ளிப் பாதுகாப்புக்கும் போகிறது. அந்தந்தச் செலவை அந்தந்தப் பொருளின் விலையில் ஏற்றும் நேர்மையான முயற்சி இது. ஆனால் பக்கத்து மாநிலமான நெவாடாவில் அந்த வரி இல்லை. கூரியர் வண்டிக்கு மாநில எல்லை பெரிய தடையும் அல்ல.

ஆகவே வேலை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுடையது. 2022 ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு முக்கியமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றின. அது பாகங்களைத் தொடவில்லை. உச்ச நீதிமன்றம் தாங்கிப் பிடித்த விதியும் ஒரு முகமை எழுதிய விதிதான். துப்பாக்கி உரிமையைப் பாதிக்கும் விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் ஆணையிட்டிருக்கிறார். ஓர் ஆட்சி எழுதியதை அடுத்த ஆட்சி அழித்துவிடலாம். 1968 சட்டத்தின் வரையறைக்குள் குழலும் போல்ட்டும் மேல் சட்டகமும் வந்தால்தான் அழிக்க முடியாத கோடாகும். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் ரைபிள்களைத் தொட வேண்டியதில்லை. சட்டம் வந்த நாளுக்குப் பிறகு செய்யும் பாகங்களில் எண் பொறித்தால் போதும். குழல் பல ஆயிரம் குண்டுகளுக்கு மேல் தேய்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். அப்போது அந்த உரிமையாளர் தன் ஊர்க் கடைக்குப் போவார், லோயர் வாங்கியபோது நிரப்பிய அதே படிவத்தை நிரப்புவார், இருபது முப்பது டாலர் கொடுப்பார், சில நிமிடங்களில் புதிய குழலோடு வீடு திரும்புவார். 2011-லேயே மறுக்கப்பட்ட அந்த சான்டா மோனிகா இளைஞரைப் போன்றவருக்கு, அதே கடையில் இரண்டாவது முறையும் ‘இல்லை’ என்ற பதில் கிடைக்கும்.